ஆறு இஞ்ச் பிளாக்கும் கால் இஞ்ச் தையலும்

கேள்வி: பிளவுஸ், சுடிதார் எல்லாம் நானே தைப்பேன். இப்போது 6 இஞ்ச் பிளாக்குகளில் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரங்கள்) ஒரு சாம்ப்ளர் குவில்ட், அதாவது ஒவ்வொரு பிளாக்கும் வேறு டிசைனில் வரும் போர்வை, ஆரம்பித்திருக்கிறேன். ஓரத் தையலுக்கு விட்டதையும் சேர்த்து ஒவ்வொன்றும் 6½ வர வேண்டும். ஆனால் ஒன்று 6¼, இன்னொன்று 6⅜ என்று வருகிறது. ஒன்பது சதுரம் சேர்ந்த நைன் பேட்ச் பரவாயில்லை. முக்கோணங்களால் நட்சத்திரம் வரும் ஓஹியோ ஸ்டாரில்தான் முனைகள் எல்லாம் மழுங்கிப் போகின்றன. இருப்பது மாமியாரின் பழைய உஷா மெஷின். புதிது வாங்க வேண்டுமா? துணி சரியில்லையா? பட்டுப்புடவைத் துண்டுகளைச் சேர்க்கலாமா? (பெரம்பூரிலிருந்து)

பதில்: மெஷினை மாற்ற வேண்டாம். துணியும் முக்கியக் காரணம் இல்லை. பிளவுஸ் தைத்துப் பழகிய கைதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது. ஊசியே பிடிக்காதவர்கள் அளவுகோலைப் பார்த்துப் பார்த்துத் தைத்து முதல் பிளாக்கிலேயே சரியாகக் கொண்டு வந்துவிடுவார்கள்.

பிளவுஸில் பக்கத் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடுகிறோம். இறுக்கமாக இருந்தால் ஒரு தையல் பிரிக்கலாம், தொளதொளவென்று இருந்தால் ஒரு தையல் பிடிக்கலாம். தையல் அரை நூல் உள்ளே போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தெரியப் போவதில்லை. குவில்ட் பிளாக்கில் அந்தச் சலுகை கிடையாது. எல்லாத் தையலுக்கும் விடுவது கால் இஞ்ச்தான், அந்தக் கால் இஞ்ச்தான் பிளாக்கின் அளவையே தீர்மானிக்கிறது.

உங்கள் நைன் பேட்ச்சையே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2½ இஞ்ச் சதுரம் மூன்று ஒரு வரிசையில் இருந்தால் மொத்தம் 7½. நடுவில் இரண்டு தையல், ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் சேர்த்து அரை இஞ்சை விழுங்கும். மீதி 6½. இப்போது தையல் வெறும் 1/16 இஞ்ச் அகலமாக விழுகிறது என்று வையுங்கள். ஒரு தையலுக்கு 1/8 குறையும், இரண்டு தையலுக்கு ¼ குறையும். நீங்கள் சொல்லும் 6¼ இப்படித்தான் வருகிறது. இதே தவறு 12 இஞ்ச் நைன் பேட்ச்சிலும் கால் இஞ்சைத்தான் தின்னும், ஆனால் அங்கே கண்ணில் படாது. வரிசைக்கு ஏழு துண்டு உள்ள பேர்ஸ் பா மாதிரி பிளாக்கில் ஆறு தையல் இருக்கிறது, முக்கால் இஞ்ச் போய்விடும். பிளாக் சின்னதாக ஆக, துண்டுகள் கூடக் கூட, தையலின் பிழை பெருகிக்கொண்டே போகும்.

அதனால் அடுத்த பிளாக்கைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 1½ இஞ்ச் அகலம், ஒரு விரல் நீளம், இப்படி மூன்று பட்டைகளை வெட்டுங்கள். மூன்றையும் பக்கவாட்டில் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்டுத் தையலை நன்றாகப் படிய வையுங்கள். இப்போது நடுப்பட்டையின் அகலத்தை மட்டும் அளங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அகலம், கூடினால் தையல் ஒடுக்கம். தையலுக்கு வெளியே இருக்கும் துணியை அளந்து "கால் இஞ்ச் இருக்கிறதே" என்று வாதாடக்கூடாது, தைத்து முடிந்து வந்ததை அளப்பதுதான் சரி. தையலை ஒட்டித் துணி மடிந்து திரும்பும்போது ஓர் இழை, இரண்டு இழை அந்த மடிப்பிலேயே போய்விடும். ஆகவே உண்மையில் தைக்க வேண்டியது கால் இஞ்சுக்கு ஓரிரு இழை குறைவாக. எவ்வளவு குறைவாக என்பது உங்கள் துணி, உங்கள் நூலின் தடிமனைப் பொறுத்தது. எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இதற்குக் கிடையாது.

நடுப்பட்டை 1 இஞ்ச் வரும்வரை ஓரத்தை நகர்த்தி நகர்த்தித் தைத்துப் பாருங்கள். வந்ததும் அந்த இடத்தை மெஷினில் நிரந்தரமாக அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரத்தைக் குறியாக வைத்துத் தைப்பது நம் பழக்கம், ஆனால் ஊசியிலிருந்து ஃபுட் ஓரம் வரை கால் இஞ்ச்தான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. புது ஜிக்ஜாக் மெஷின்களின் அகல ஃபுட்டில் இது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் துணிப் பிளாஸ்டரை நாலைந்து அடுக்காக ஒட்டினால் ஒரு சின்னச் சுவர் மாதிரி நிற்கும், துணி அதில் உரசிக்கொண்டே நேராகப் போகும். உங்கள் மெஷினில் பாபின் மேலே ஒரு தகடு நகர்ந்து திறக்கும் இல்லையா, அதை அடைக்காமல் ஒட்டுங்கள். இரும்பு மெஷின் என்பதால் காந்த கைடும் பிடிக்கும், பல பழைய மெஷின்களில் ஊசித் தகட்டுக்கு வலப்பக்கம் கைடு திருகுவதற்கென்றே ஓட்டையும் இருக்கும். அழுக்கு அடைத்திருக்கலாம், ஊசியால் குத்திப் பாருங்கள்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய கறுப்பு மெஷினின் ஊசித் தகட்டில் ஒரே ஒரு சின்ன ஓட்டைதான் இருக்கும். ஜிக்ஜாக் மெஷினில் அது பக்கவாட்டில் அகன்றிருக்கும், முக்கோணத்தின் கூர்முனையை அந்த வாய் உள்ளே இழுத்துக் கசக்கிவிடும். சின்ன பிளாக் தைக்க உங்கள் மாமியாரின் மெஷினை நான் எந்த நாளும் மேலாகச் சொல்வேன். எண்ணெய் விட்டு, பல்லுக்கு அடியில் இருக்கும் பஞ்சைச் சுத்தம் செய்து, 11 ஆம் நம்பர் ஊசி போடுங்கள். தையல் நீளம் இஞ்சுக்கு 12 அளவில் இருக்கட்டும், நம்பர் போட்ட புது மெஷின் என்றால் 2. நூல் மெல்லியதாக, சாம்பல் அல்லது சந்தன நிறத்தில் ஒன்றே ஒன்று போதும், எல்லாத் துணிக்கும் சேரும். முனையிலிருந்து தைக்கத் தொடங்கும்போது முதலில் ஒரு வேண்டாத துண்டில் நாலு தையல் போட்டு, நூலை அறுக்காமல் அப்படியே முக்கோணத்தின் மேல் ஏற்றுங்கள். முனை மடங்கவே மடங்காது.

வெட்டுவதற்கு ரோட்டரி கட்டர், மேட், அக்ரிலிக் ஸ்கேல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை ஓடும். பழைய எக்ஸ்-ரே ஷீட்டில் 2½, 3, 3½ இஞ்ச் சதுரங்களை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை மாதிரி ஓரம் தேயாது, அடியில் துணியின் டிசைனும் ஓரளவு தெரியும். ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரு கோட்டை ஊசியால் கீறி வையுங்கள், அது பின்னால் உதவும். பென்சில் கோட்டுக்கும் ஓர் அகலம் உண்டு, கோட்டின் மேல் வெட்டாமல் உள்பக்கமாகக் கத்தரியுங்கள். தையல் டேப்பால் அளக்காதீர்கள், பழைய டேப் இழுபட்டிருக்கும்.

துணிக்கு வருகிறேன். சென்னையில் குவில்ட்டுக்கென்று வெளிநாட்டுக் காட்டன் தேடி அலைய வேண்டியதே இல்லை. எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் பக்கம், காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்லும் அந்த வரிசைக் கடைகளில் எக்ஸ்போர்ட் மிச்சக் காட்டன்கள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சின்ன பிளாக்குக்கு வேண்டிய நெருக்கமான நெசவு அங்கே தேடினால் அகப்படும். பிளவுஸ் பிட்டாக வரும் டூ பை டூவும் பாப்ளினும் கேம்ப்ரிக்கும் நல்ல துணிகள்தான். கோடவுன் தெருவுக்குப் போக வேண்டாம், அது மொத்த வியாபாரத்துக்கான இடம், கால் மீட்டர் கேட்டால் முறைப்பார்கள். தெருமுனை டெய்லரிடம் வெட்டுத்துணி கேட்டு வாங்குங்கள், ஆனால் பாலியஸ்டர் கலந்ததைப் பிரித்துவிடுங்கள். ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால் காட்டன் காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகச் சுருளும். கதர் அழகுதான், ஆனால் ஒரு இஞ்ச் துண்டுகளுக்குத் தடிமன் அதிகம்.

டிசைன் பொடியாக இருக்கட்டும். சுங்குடிப் புடவையின் புள்ளிகள் இரண்டு இஞ்ச் சதுரத்துக்குள் அழகாக உட்காரும். பெரிய கலம்காரி மயிலை வெட்டினால் ஒரு துண்டில் கால், இன்னொன்றில் பாதிக் கழுத்து என்று எதுவும் புரியாது. கட்டம் போட்ட துணியைக் கட்டத்தின் கோட்டை ஒட்டியே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தையல் நேராக இருந்தாலும் பிளாக் கோணலாகத் தெரியும், யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வெளிர், அடர் வித்தியாசம் போதுமா என்று சந்தேகம் வந்தால் துணிகளைப் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நட்சத்திரம் காணாமல் போகும்.

எல்லாத் துணியையும் முதலில் நனைத்துவிடுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே நடந்துவிடட்டும். சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் தனித்தனியாக. 1960களில் அமெரிக்காவில் சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து மெட்ராஸ் செக் சட்டைகளை விற்றார்கள். சட்டைக்கு அது சரி, வெள்ளை முக்கோணத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெருமை வேண்டாம். கல் உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பிக்கொண்டிருக்காதீர்கள், தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது கஞ்சி. குவில்ட் தைப்பவர்கள் வெளிநாட்டில் ஸ்ப்ரே ஸ்டார்ச்சுக்குச் செலவு செய்கிறார்கள். நம் வீட்டில் சாதம் வடித்த கஞ்சி இருக்கிறது. வடிகட்டி, தண்ணீர் விட்டு, காட்டன் புடவைக்குப் போடுவதைவிட ஒரு சுற்றுக் கெட்டியாகத் துணியை முக்கி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டால் துணி அட்டை மாதிரி நிற்கும். வெட்டும்போது நழுவாது, தைக்கும்போது கிராஸ் ஓரம், அதாவது சாய்வாக வெட்டிய ஓரம், இழுபடாது. டூ பை டூ, மல் இரண்டுக்கும் இது கட்டாயம். கஞ்சியை வெட்டுவதற்கு முன்பே போடுங்கள், துண்டுகளாக்கிவிட்டு நனைத்தால் உருவம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கஞ்சி போட்ட துணி காயாமல் வாடை பிடிக்கும், அந்த மாதங்களில் ரெடிமேட் ஸ்டார்ச் பவுடரை வாங்கிக்கொள்ளலாம். கஞ்சித் துணியைப் பெட்டியில் போட்டு மறந்தால் வெள்ளிப்பூச்சி வரும்.

இப்போது உங்கள் ஓஹியோ ஸ்டார். இதில் நாலு மூலைச் சதுரம், ஒரு நடுச் சதுரம், நாலு ‘நாலு முக்கோணச் சதுரம்’. முனை மழுங்குவது இந்தக் கடைசி நாலில்தான். புத்தகக் கணக்குப்படி இதற்கு 3¼ இஞ்ச் சதுரம் வெட்ட வேண்டும். நீங்கள் 3½ வெட்டுங்கள். வெளிர் ஒன்று, அடர் ஒன்று, முகத்தோடு முகம் வைத்து, பின்பக்கம் மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் இஞ்சில் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு ‘இரு முக்கோணச் சதுரம்’ கிடைக்கும். அந்த இரண்டையும் நிறம் எதிரெதிராக வரும்படி வைத்துத் தையல்களைப் பொருத்தி, திரும்பவும் குறுக்கே கோடு போட்டு, அதேபோல் தைத்து வெட்டுங்கள். வருவது தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாக இருக்கும். 2½ இஞ்ச் எக்ஸ்-ரே சதுரத்தை மேலே வைத்து, கீறிய கோட்டைத் தையலின் மேல் பொருத்தி, நடுப்புள்ளி எல்லா ஓரத்திலிருந்தும் 1¼ இஞ்சில் நிற்கும்படி வைத்து, வெளியே துருத்துவதை வெட்டித் தள்ளுங்கள். பெரிதாகத் தைத்து அளவுக்கு வெட்டுவதைச் சோம்பேறி வழி என்பார்கள் சிலர். முக்கோணம் உள்ள எந்தச் சின்ன பிளாக்குக்கும் இதுதான் நிச்சயமான வழி. இரு முக்கோணச் சதுரத்துக்கும் இதே கதைதான், தைத்து முடிந்தபின் 2 இஞ்ச் வேண்டுமென்றால் கணக்கு 2⅞, நீங்கள் 3 வெட்டுங்கள்.

வரிசையாகச் சேர்க்கும்போது முக்கோணம் உள்ள துண்டு மேலே இருக்கட்டும், வெறும் சதுரம் அடியில் போகட்டும். பின்பக்கம் இரண்டு தையல்கள் ஒன்றை ஒன்று வெட்டி எக்ஸ் மாதிரி தெரியும். ஊசி அந்தச் சந்திப்பின் மேலேயோ, ஓர் இழை வெளியே துணி ஓரத்தின் பக்கமோ இறங்க வேண்டும். உள்ளே இறங்கினால் முனை வெட்டுப்படும். உங்கள் நட்சத்திரங்கள் மழுங்கியதற்கு நேரடிக் காரணம் இதுதான். ஓரத்துக் கைடு ஒரு பக்கம் சொல்கிறது, எக்ஸ் இன்னொரு பக்கம் சொல்கிறது என்றால் எக்ஸ் சொல்வதைக் கேளுங்கள்.

இஸ்திரியிலும் பாதி அளவு போகிறது. பிளவுஸுக்குத் தேய்ப்பது மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் கிராஸ் ஓரம் நீண்டுவிடும். வைத்து, அழுத்தி, தூக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் தைத்தபடியே மூடி வைத்து ஒரு முறை அழுத்தினால் நூல் துணிக்குள் உட்காரும், பிறகு விரித்து அழுத்துங்கள். நீராவி வேண்டாம். நிறைய வீடுகளில் கட்டில் மேலே போர்வையை மடித்துப் போட்டு இஸ்திரி போடுவோம். அந்த மெத்தென்ற இடத்தில் பிளாக் குழிந்து வளையும், மேஜை மேல் பழைய காட்டன் வேட்டியை இரண்டாக மடித்துப் போடுங்கள். தையலைப் பொதுவாக அடர் நிறத்தின் பக்கம் சாயுங்கள். அடுத்தடுத்த வரிசைகளில் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டு தையலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், விரலால் தடவினாலே தெரியும், குண்டூசியே தேவைப்படாது. காற்றாடி மாதிரி இருக்கும் பின்வீல் பிளாக்கின் நடுவில் எட்டு முனைகள் கூடுகிற இடத்தில் மட்டும் தையலை இரண்டு பக்கமும் விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு கொட்டை நிற்கும். ஆ, மின்விசிறியை அணைத்துவிட்டு வெட்டுங்கள். துண்டுகளைப் பிளாக் வாரியாக ஒரு தாம்பாளத்தில் அடுக்கி மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

கையால் தைக்க விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். தையல் கோட்டையே துணியில் வரைந்துகொண்டு அதன் மேல் ஓட்டுத் தையல் போடுவதால் அளவு பிசகுவது குறைவு. கோடு தொடங்கும் இடத்தில் தொடங்கி, முடியும் இடத்தில் நிறுத்துங்கள், ஓரம்வரை போக வேண்டாம். ஊசி போல ஒல்லியான முனைகள் வரும் பிளாக்குகளை மெல்லிய தாளில் வரைந்து, தாளோடு சேர்த்துக் குட்டித் தையலில் தைத்துப் பிறகு தாளைக் கிழித்துவிடலாம், இதில் டிசைன் இடம் வலம் மாறி விழும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அறுகோணங்களைத் தாளில் சுற்றிக் கையால் கோப்பதற்குக் கல்யாணப் பத்திரிகையின் உள்தாள் பொருத்தமாக இருக்கும். வீட்டில் அதற்குப் பஞ்சமா என்ன.

இதுவரை தைத்தவற்றைப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொன்றைச் சுற்றியும் 1¼ இஞ்ச் பட்டையை ஒரே நிறத்தில் வைத்துத் தையுங்கள். 6¼ பிளாக் 7¾ ஆகும், 6⅜ பிளாக் 7⅞ ஆகும். எல்லாவற்றையும் நடுவிலிருந்து அளந்து 7½ க்கு வெட்டிவிடுங்கள். பட்டை ஒன்றில் அரை இஞ்ச், இன்னொன்றில் அதைவிட 1/16, 1/8 கூடுதலாக இருக்கும். யார் ஸ்கேல் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

இப்படிப் பட்டை சுற்றி 7½ க்குக் கொண்டுவருவதில் ஒரு லாபமும் உண்டு, 6 இஞ்சில் அடங்காத பிளாக்குகளையும் சேர்க்கலாம். 6 இஞ்சை 2, 3, 4 ஆல் வகுக்கலாம். அதனால் ஷூஃப்ளை, ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார், சர்ன் டேஷ், சாடூத் ஸ்டார் எல்லாம் சுலபமாக அடங்கும். சாடூத் ஸ்டாருக்கு நடுவில் 3½ சதுரம், மூலைக்கு 2 இஞ்ச் சதுரம் நாலு, நட்சத்திர முனைகளுக்கு 2 × 3½ செவ்வகம் நாலும் 2 இஞ்ச் சதுரம் எட்டும். ஆனால் சிஸ்டர்ஸ் சாய்ஸ் ஐந்து கட்டம். 6 இஞ்சில் ஒரு கட்டம் 1.2 இஞ்ச் வரும், டேப்பில் கோடே இல்லாத அளவு. அதை 5 இஞ்சுக்குத் தைத்து 1½ இஞ்ச் பட்டை சுற்றினால் சரியாக 7½. ஏழு கட்டம் கொண்ட பேர்ஸ் பா பட்டையே இல்லாமல் 7½ க்கு வந்து உட்காரும். பிளாக்குகளுக்கு இடையில் 2 இஞ்ச் பட்டை வெட்டி வைத்துக் கோத்தால் பக்கத்து பிளாக்கின் தையலோடு பொருத்தும் தொல்லை இருக்காது. அகலத்தில் 5, நீளத்தில் 7 என்று 35 பிளாக் வைத்து வெளி ஓரத்திலும் அதே பட்டையைச் சுற்றினால் ஏறத்தாழ 44 × 61 இஞ்ச் வரும். நம் ஊர் வெயிலுக்கு நடுவில் தடித்த பஞ்சு வேண்டாம், துவைத்து மெத்தென்றாகிவிட்ட காட்டன் புடவை ஒன்று போதும்.

இவ்வளவு பொடியாக யார் தைப்பார்கள் என்று வீட்டில் கேட்டால் ஜேன் ஸ்டிக்கிளைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட்டில், அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 இல் அவர் முடித்த குவில்ட்டில் 4½ இஞ்ச் சதுர பிளாக்குகள் மட்டும் 169, மொத்தத் துண்டுகள் 5602. எண்ணி, துணியிலேயே தைத்து வைத்திருக்கிறார். இப்போது பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பட்டு: இந்தக் குவில்ட்டில் சேர்க்காதீர்கள். காட்டனோடு சேர்த்துத் துவைக்க முடியாது, வெட்டிய ஓரம் தைப்பதற்குள் நாராகப் பிரியும், ஜரிகையில் சூடு பட்டால் கறுக்கும். அந்தத் துண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். பின்பக்கம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய ஃபியூசிங் ஒட்டி, துணி மேலே காட்டன் போட்டு இஸ்திரி செய்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்று செய்யலாம். அதற்கு லாக் கேபின் பிளாக் பொருந்தும். நேர் பட்டைகள் மட்டுமே, முக்கோணம் கிடையாது. புடவைக் கரையை 1½ இஞ்ச் பட்டைகளாக வெட்டி நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அளந்துவிட்டு அடுத்த பட்டையை எடுங்கள்.